உறையாத பால்

இரவு ஒன்பதரை. சுங்கை சிப்புட். நல்ல மழை.
மோட்டார் வண்டியில் நடுவே அணைத்துப் பிடித்துக்
கொண்டுவந்தார்கள் பவளராணியை.
"இழுப்பு, டிரெசர்" என்றான் புருஷன்.
இழுப்பில்லை.
நெஞ்சில் விசில் சத்தம் இல்லை.
படுத்துக்கொண்டே ஓடுகிறவளின் மூச்சு அது,
ஆழமாய், நிற்காமல்.
வாயில் கனிந்து கெட்ட அன்னாசி வாடை.

இன்சுலின் தீர்ந்து நாலு நாளாம்.
வாங்கப் போனால் ஒருநாள் சம்பளம் வெட்டு.

பால் ஸ்டோரில் ஆசிட் ஊற்றுகிறவள்.
எத்தனை மூடிக்கு எத்தனை தட்டு உறையும்,
அவள் கைக்குத் தெரியும்.
தன் ரத்தத்தில் ஊறியதுதான்
தெரியவில்லை.

"தூங்க ஒரு ஊசி போடுங்க, களைச்சுப் போறா."
வேண்டாம் கோவிந்தராசு, மூச்சை விடு.
புளிப்பைக் காற்றாக்கி
வாளி வாளியாய் வெளியே இறைப்பது அதுதான்.
சிறுநீரகம் நம்ம கிராணி மாதிரி,
கணக்கை முடிக்க ரெண்டு மூணு நாளாகும்.
அதுவரை நெஞ்சுக்கு இரவு ஷிப்ட்.
(இந்த மூச்சுக்கு ஒரு ஜெர்மன்காரர் பெயர் உண்டு.
என் வாயில் நுழையாது.)

உப்புநீர் வேகமாய், இன்சுலின் சொட்டுச் சொட்டாய்.
மணிக்கொரு தரம் விரல் நுனியில் ஒரு குத்து.

விடிய ஐந்தே முக்காலுக்கு அவன் கத்தினான்:
"மூச்சு அடங்குது டிரெசர்!"
ஓடினேன்.
அடங்கித்தான் இருந்தது,
வேலை குறைந்த மூச்சு.
கண் திறந்து கூரையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் மழையா?
அப்ப இன்னிக்குப் பால்வெட்டு இல்லைதானே?"