பகல் ஒன்று நாற்பது

ஒட்டுசுட்டான் சந்தியில்
கண்ணாடி கீறின பாவிச்ச போன்,
பன்னிரண்டாயிரம்.
பேசத்தான் வாங்கினேன்.
ஒரு வருடம் பேசினேன்.

பேச ஆளில்லாத ஒரு மழை இரவில்
உள்ளே வேறென்ன கிடக்கிறதென்று
ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தேன்,
வாடகைக்கு வந்த வீட்டில்
அலுமாரிகளைத் திறப்பது மாதிரி.

முதலில் நீர்மட்டம்.
பச்சைக் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை
தண்ணீர்த் தாங்கியின் ஒரு காலுக்குக் கீழே
ஓட்டுத் துண்டு செருகினேன்.
மேசன் சிவபாதம் தன் மட்டப்பலகையை வைத்துப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி குடித்தார்.

இன்னொன்று சிங்களம் வாசித்தது.
மின்சாரசபைக் கடிதத்தின் மேல் பிடிக்க
"உங்கள் மீற்றர் கவலையாக உள்ளது" என்றது.
கவலைப்படட்டும் என்று விட்டிருப்பேன்.
மற்றப் பக்கத்தில்
காசு கட்டவேண்டிய திகதி சரியாக வந்தது.

கச்சான் காய் பிடிக்கும் நாட்களில்
இரவு ஒன்று நாற்பதுக்குப் பன்றி வரும்,
முல்லைத்தீவு பஸ்ஸை விட நேரத்துக்கு.
குரல் பதிகிற கட்டத்தைத் திறந்து கத்தினேன்:
"எழும்பு! வெளிக்கிடு! என்ர காணிய விட்டுப் போ!"
அதையே அலாரமாக்கி
மகளின் ஸ்பீக்கரைப் பாலை மரத்தில் கட்டினேன்.
முதல் இரவு பன்றிக்கு முன்
நான்தான் பதறி எழும்பினேன்.
என் தொண்டைக்குள் இவ்வளவு கிடந்ததா.

கடைசியாகத்தான் அந்தக் கணக்குக் கட்டங்கள்.
பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடமென்றால்
எனக்கு வயிற்றுவலி வரும்.
இதுவோ ஒரு சமன் குறி போட்டால்
தானே கூட்டுகிறது,
முகம் சுளிக்காமல், குட்டாமல்.
சீனிப்பேணிக்குள் இருந்த லோன் துண்டுகளைக் கொட்டினேன்.
சிலதில் எறும்பு, சிலதில் மை போய்விட்டது.
வாசல் வெளிச்சத்தில் படம் பிடித்து
கிழமை, காசு, கிழமை, காசு என்று
கட்டைவிரலால் இறக்கினேன்.
நாற்பத்தெட்டு.

செவ்வாய் மத்தியானம் டிலக்சன் வந்தார்.
கதிரையில் இருந்து, டப்பைத் தட்டி,
"இன்னும் ஏழு கிழமை அக்கா."
"நாலு."
"சிஸ்டத்தில ஏழு."
"என்ர சிஸ்டத்தில நாலு."
போனை நீட்டினேன்.
ஆவணி பதினொன்று, அவருடைய கையெழுத்து,
ஓரத்தில் படத்துக்குள் அகப்பட்ட ஓர் இலையான்.
அதற்கடுத்த கிழமை.
அதற்கடுத்ததும்.
மூன்று ஆயிரத்து நானூற்றைம்பதும்
எந்தப் பையில் இறங்கினதென்று நான் கேட்கவில்லை.
இலையானைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.
"துண்டு மங்கிப்போச்சு, செல்லாது" என்றார்.
காலை நீட்டிச் சாய்ந்தார்.

அப்போதுதான்
பாலை மரத்திலிருந்து நான் கத்தினேன்.

"எழும்பு! வெளிக்கிடு!
என்ர காணிய விட்டுப் போ!"

முதல் நாள் போன் செத்து உயிர்த்தபோது
முற்பகல் என்று தொடவேண்டிய இடத்தில்
பிற்பகலைத் தொட்டிருக்கிறேன்.

அவர் மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
என் வாய் மூடியிருந்தது.
ஹெல்மெட்டைப் பின்பக்கம் முன்னாலே போட்டுக்கொண்டு
மூன்று தரம் உதைத்துத்தான் மோட்டார்சைக்கிள் எழும்பியது.
அது பன்றிக்குச் சொன்னதென்று
விளங்கப்படுத்த நேரம் இருந்தது.
விளங்கப்படுத்தவில்லை.

வியாழன் பின்னேரம் கோல் எடுத்தார்.
"நாலுதான் அக்கா. பதிவில பிழை."
குரல் சின்னதாக இருந்தது.
பாவம், அவருக்கும் மேலே ஒருவர் கத்தியிருப்பார்.

இப்போது என் வாசலில் ஐந்து பேணிகள்.
தயாபரியின் துண்டுகளில் மஞ்சள் தூள்,
நிறஞ்சியுடையது பாதிக்கு மேல் கரையான்.
சார்ஜ் பதினெட்டு வீதம், கரண்ட் இல்லை,
முப்பத்தோராம் கிழமையில் நிற்கிறோம்.
சொல்லிக் கொடுக்கிறேன் என்றால் ஒருத்தியும் கேட்கவில்லை;
ஆளாளுக்குத் தொட்டு
ஆளாளுக்கு அழித்து
திரும்ப அடிக்கிறார்கள்.

போகும்போது தயாபரி மெதுவாகக் கேட்டாள்:
"அந்தக் கத்துறதையும் எனக்கு அனுப்பி விடன்."

அவளிடம் கச்சான் இல்லை.
பன்றியும் வருவதில்லை.

அனுப்பினேன்,
சிக்னலுக்குக் குளக்கட்டு வரை நடந்துபோய்.