மட்டையில்லாதவன்

கோல் காப்பவனுக்கு மட்டை கிடையாது.
பத்துப் பேர் கையிலும் வளைந்த மட்டை;
பதினோராவது ஆளுக்கு
இரண்டு கையுறை, காலுக்குத் தடித்த பட்டைகள்,
முகத்துக்கு ஒரு கம்பிக்கூண்டு.
பேண்டியின் சட்டம் அது.
வாசலில் நிற்பவன்
வெறுங்கையோடு நிற்கட்டும் என்று
யாரோ எழுதிவைத்துவிட்டார்கள்.

கெமியில் காலை ஒன்பது மணி,
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
உலகக் கோப்பை என்கிறது சுவரொட்டி,
இரண்டாம் பிரிவு என்று கீழே சின்ன எழுத்தில்.
பார்வையாளர்களை எண்ணினேன்: முப்பத்தொரு பேர், ஒரு நாய்,
சாசேஜ் விற்கும் பெண்ணையும் சேர்த்தால் முப்பத்திரண்டு.
எங்கள் லாத்விய கீதத்தைக் குளிர் தாங்காத ஒலிபெருக்கி
பாதியில் விழுங்கிவிட்டது.
மீதியை நாங்களே பாடினோம்,
ஓயார்ஸ் மட்டும் சுருதியில்.

எதிரே எஸ்தோனியர்கள்.
இவர்களை எனக்குத் தெரியும்.
வால்காவில், எல்லையை ஒட்டி, நான் வேலை பார்க்கும் கடைக்குச்
சனிக்கிழமைதோறும் வேன்களில் வந்து
பெட்டி பெட்டியாகப் பீர் வாங்கிப் போகிறவர்கள்.
ஏற்றிவிடுகிறவன் நான்.
பத்தொன்பதாம் எண் காவ்போ, போன மாதம்
பன்னிரண்டு பெட்டி எடுத்தான்.
முதுகைப் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.
அந்த முதுகைத்தான்
இன்று நான்காவது நிமிடத்தில் பார்த்தேன்,
கோல் அடித்துவிட்டுத் திரும்பிப் போகையில்.

ஒன்று. மூன்று. ஆறு.
நடுவில் சிலவற்றை எண்ண மறந்துபோனேன்.
கைக்குள் அடங்குகிற பந்து, ஆரஞ்சு நிறம் என்பார்கள்;
வரும்போது அதற்கு நிறம் இல்லை.
பனிக்கட்டியில் ஒரு சொடுக்கு,
அப்புறம் எனக்குப் பின்னால்
வலை விடும் பெருமூச்சு.

பிறகு பனி கொட்டத் தொடங்கியது.
நடுவர் ஆட்டத்தை மூன்று துண்டாக வெட்டினார்.
தளம் துடைக்கும் வண்டிகளில் ஒன்று
இருமி, புகைந்து, நின்றுவிட்டது.
ஆளுக்கொரு தள்ளுபலகை கொடுத்தார்கள்.
இருபத்திரண்டு பேரும் வரிசை கட்டி
ஒரு கால்பந்து மைதானத்து வெண்மையை
ஓரத்துக்குத் தள்ளினோம்.
என் பக்கத்தில் காவ்போ.
"முதுகு எப்படி இருக்கிறது?"
"பரவாயில்லை. உங்கள் கடையில்
விலையை ஏற்றிவிட்டார்களாமே?"
அப்போது பூஜ்யத்துக்குப் பதினொன்று.
அதை மட்டும் நாங்கள் பேசவில்லை.

எண்பத்திரண்டாம் நிமிடம், பதின்மூன்று ஆகியிருந்தது,
நூறு மீட்டருக்கு அப்பால் ஏதோ நடந்தது.
எனக்குத் தெரிந்தது இவ்வளவே:
பனி பூசிய சட்டைகள், எந்த நாட்டுடையதென்று சொல்ல முடியாதவை;
ஒரு கும்பல் இறுகிற்று, அவிழ்ந்தது;
மட்டைகள் மேலே போயின.
யாருடைய மட்டைகள்?
சண்டையோ, ஆஃப்சைடோ,
யாருக்காவது பல் போயிற்றோ.
கோல் காப்பவனுக்கு
கெட்டது எல்லாம் மூக்குக்கு நேரே நடக்கும்,
நல்ல சேதி
ஊரின் மறுகோடியில்.

அப்புறம் வந்தார்கள்.
முதலில் புள்ளிகள். பிறகு முழங்கால்கள். பிறகு ஆவி பறக்கும் வாய்கள்.
பத்துப் பேரும், நடுக்கோட்டைத் தாண்டி, காவ்போவைத் தாண்டி,
தளத்தின் முழு நீளத்தையும் சறுக்கிக் கடந்து,
எனக்குச் சொல்வதற்காக.
முன்னால் ராய்ட்டிஸ், கூரை ஓடு மாற்றுகிறவன்,
மூன்று ஆட்டமாக ஒரு கோலும் போடாத அணியின்
வலது ஓரத்து ஆள்.
வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை.
என் முகக்கூண்டில் கையுறையால் தட்டினான்,
மூன்று தடவை,
வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதுபோல.

யார் போட்டது என்று கேட்டேன்.
எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னதால்
இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது.
ஓயார்ஸின் முழங்காலில் பட்டு
உள்ளே போனது என்று ஒரு கட்சி.

நடுவர் கைக்கடிகாரத்தைக் காட்டி விசில் ஊதினார்.
பத்துப் பேரும் சிதறி ஓடினார்கள்,
இரண்டு பேர் தவறான இடத்துக்கு.
இருபது வினாடி கழிந்திருக்காது,
காவ்போ மறுபடி வந்தான், தனியாக.
பதினான்கு.
நான் அசையக்கூட இல்லை.
சிரித்துக்கொண்டிருந்தேன்.