கட்டைவிரல் பக்கம்

முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.
அப்புறம் ஆற விட வேண்டும்,
ஒரு டீ குடிக்கிற நேரம்.

காரைக்குடி நூறடி ரோட்டில் மாடியில் என் கடை.
கீழே எவர்சில்வர் மொத்த வியாபாரம்.
அடுக்கு சரிகிற சத்தத்தில்
புதிதாய் வருகிறவர்கள் கையை உதறிவிடுவார்கள்.
துடைத்து மறுபடி பூசுவேன்.

செவ்வாய்க்கிழமை கல்யாணக் கூட்டம் இருக்காது.
அன்றைக்குத்தான் விளக்கைப் புரட்டிப் போடுவேன்,
ஆமையைப் புரட்டுகிற மாதிரி.
வயிற்றில் முப்பத்தாறு கண்.
ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த ஜெல்,
யாரோ அவசரமாய் உள்ளே விட்ட விரலின் மிச்சம்.
பஞ்சு வைத்தால் நூல் பிடிக்கும்.
மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியில்
ஸ்பிரிட்டை நனைத்து, பிழிந்து, ஒற்ற வேண்டும்.
ஊற்றக் கூடாது.
ஊற்றி ஒரு விளக்கைக் கொன்றிருக்கிறேன்.

இதெல்லாம் இப்போது தெரிகிறது.

போன தையில் உமையாள் வந்தாள், பேங்கில் வேலை.
தங்கை கல்யாணத்துக்கு
மருதாணி நிறத்தில் பத்து விரல்.
அறுபது விநாடி, பீப். அறுபது விநாடி, பீப்.
எதிர் மண்டபத்தில் சீரியல் பல்பு எரிய எரிய
எங்கள் தெருவில் கரண்ட் தாழ்ந்துகொண்டிருந்தது.
பீப்புக்கு அது தெரியாது, எண்ணத்தான் தெரியும்.
நகத்தைத் தட்டிப் பார்த்தேன், வளையல் சத்தம்.
சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

பத்தாம் நாள் மறுபடி படியேறினாள்.
இரண்டு கட்டைவிரலும் சிவந்து
நுனித்தோல் உரிந்து.
"மெஷின் என்னை யாருன்னு கேக்குது ஜெசிந்தா.
அழுத்தி அழுத்தி வச்சுப் பாத்தேன்,
நாலு நாள் ஆப்சென்ட்."

மற்ற எட்டு விரலும் நன்றாக இருந்தன.
அந்த எட்டுதான் என்னைத் தூங்க விடவில்லை.

ராத்திரி ஷட்டரை இறக்கி, லைட்டை அணைத்து
போன் கேமராவை விளக்கின் வாய்க்குள் நீட்டினேன்.
வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஊதா, கூசும்.
திரையில் புள்ளி புள்ளியாய் வந்தது.
கட்டைவிரல் படுக்கிற இடத்தில்
இந்தப் பக்கம் மூன்று கறுப்பு, அந்தப் பக்கம் இரண்டு.
எத்தனை முகூர்த்தமாக என்று
யாரைக் கேட்பது?

பிரியாணி பொட்டலம் கட்டுகிற அலுமினியத் தாளில்
ஐந்து விரலுக்கு ஐந்து சொட்டு.
எரித்து, உரித்து, வளைத்துப் பார்த்தேன்.
நான்கு சொட்டு பொரி மாதிரி முறிந்தன.
ஐந்தாவது மேலே மினுங்கியது,
திருப்பினால் பிசுக்கு.
மருதாணி நிறம்தான்.
அடியில் பச்சை.

டாக்டர் சொன்னாராம், இனி ஆயுசுக்கும் ஜெல் கூடாது,
பல் அடைக்கப் போனாலும்
முதலில் இதைச் சொல்லிவிட வேண்டுமாம்.
மருந்துச் செலவை வாங்க மாட்டேன் என்றாள்.
வாங்கியிருக்கலாம்.

இப்போது நோட்டு வைத்திருக்கிறேன்,
சிவப்பு அட்டை, நீளவாக்கு.
பற்றுப் பக்கம் எரிந்த மணி,
வரவுப் பக்கம் துடைத்த தேதி.
நாலு விரல் முதலில்,
கட்டைவிரல் தனியாக, படுக்க வைத்து, கடைசியில்.
ஜெல்லை விற்ற கம்பெனியின் விளக்கையே
மதுரைக்குப் போய் வாங்கினேன்.
பெட்டியில் அச்சடித்த வாட்டை நம்பவில்லை,
பில் போடுகிற மேஜையிலேயே தாளை விரித்தேன்.
கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

நேற்று உமையாளின் சித்தி மகள் வந்தாள்.
நிறம் பார்க்கவில்லை, விலை கேட்கவில்லை.
"அந்தத் தாளைக் காட்டச் சொல்லு, அப்புறம் உக்காருன்னு
அக்கா சொல்லிவிட்டா."

உரித்து அவள் கையில் கொடுத்தேன்.
வளைத்துப் பார்த்தாள்.
வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்
இன்னொரு தரம் வளைத்தாள்.