இனம் என்று ஒரு கட்டம்

செவ்வாய்க்கிழமை வந்த ஸ்வாப்பில்
இரண்டு பேர் இருந்தார்கள்.
ஒன்று ஈ கோலை: உலர்ந்த, சிவந்த பொட்டுகள்.
மற்றது கிளெப்சியெல்லா,
ஊறிய சவ்வரிசி போல வழுவழுத்தது.

நோயாளி பஸீல், கிண்ணியா, நாற்பத்தொன்பது வயது.
குதிக்காலில் திருக்கை முள்.
படிவத்தில் 'இனம்' என்று ஒரு கட்டம்;
வார்டில் யாரோ நிரப்பியிருந்தார்கள்.
கீழே எனக்கும் ஒரு 'இனம்' உண்டு,
கிருமியின் பெயர் எழுத.

மெரோபெனம் வில்லையைச் சுற்றி
இருபத்தாறு மில்லிமீற்றர் விலகி நின்றது ஈ கோலை.
பொலிஸ் ஜீப் நிற்கும் சந்தி மாதிரி
சுற்றிவர வெறுமை.
கிளெப்சியெல்லா வில்லையின் விளிம்புவரை வந்திருந்தது.

எட்டு நாள் கழித்து
அதே காலின் அடுத்த ஸ்வாப்.
ஈ கோலையும் விளிம்புவரை.
தட்டு மாறிவிட்டதோ என்று இன்னொன்று போட்டேன்.
மின்சாரம் போய், ஜெனரேற்றர் இருமி எழும்பி,
இன்கியுபேற்றர் தன் சூட்டைத் தேடிப் பிடிக்க
ஒரு மணித்தியாலம்.
யன்னலுக்கு வெளியே திருமலையின் ஊர்மான் ஒன்று
மருந்துப் பெட்டியின் மட்டையைத் தின்றுகொண்டிருந்தது.

காலையிலும் அதே விடை.

இவை பிரிந்து பத்துக் கோடி வருடத்துக்கு மேல்.
முறை சொல்லிக் கூப்பிட ஒரு சொல்லும் மிஞ்சவில்லை.
ஆனாலும் சீழின் இருட்டில் ஒன்று
மயிரைவிட மெல்லிய குழாயை நீட்டியிருக்கும்,
மற்றது விலகாமல் நின்றிருக்கும்,
மூடிய வளையமொன்றின் ஓர் இழை
அவிழ்ந்து அவிழ்ந்து அந்தப் பக்கம் போயிருக்கும்.
கொடுத்ததிடமும் குறையவில்லை.
சீதனம் இல்லை. தாய்வழி இல்லை, தந்தைவழி இல்லை.
பிள்ளைக்கு அல்ல,
பக்கத்தில் நின்றதுக்கு.

அழகு என்று சொல்ல வாய் வந்தது.
அந்த வாயை மூடிக்கொண்டு
வார்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.
"கொலிஸ்ரின் ஒன்றுதான் மிச்சம்."
தாதி அனோமா "சிறுநீரகம்?" என்று கேட்டு
பதிலுக்கு நிற்காமல் வைத்தாள்.

பஸீலின் மகள் நடைபாதையில் மறித்தாள்.
"வாப்பாக்கு இது ஆருட்ட இருந்து தொத்தின?"
கடலா, கத்தியா, கட்டிலா,
போன கிழமை பக்கத்துக் கட்டிலில் இறந்த
சம்பூர்க்காரரா, அவருக்கு யார்,
கோழித்தீனியோடு கலந்த மருந்து வளர்த்ததா.
ஒரு பெயர் கிடைத்தால் கோபிக்க வசதி.
கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றாள்.
"பக்கத்தில் இருந்ததிடமிருந்து," என்றேன்.
அது அவளுக்குப் போதவில்லை.
எனக்கும்தான்.

திரும்பி வந்து படிவத்தை எடுத்தேன்.
கீழேயுள்ள கட்டத்தில்
ஈ கோலை என்று எழுதினேன்.
பிழையில்லை.
பேனையை மட்டும்
கொஞ்ச நேரம் மூடவில்லை.