நீங்க

செக்ரோலில் அப்பாவின் பெயர் சன்னாசி.
பெயருக்கேற்ப ஒருபொழுதும் வாழ்ந்தவரில்லை.
பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில்
அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை.
இரவு முறை முடிந்து லயத்துக்கு ஏறி வருகையில்
முகம் கரியில் கறுத்திருக்கும்,
வாயில் கசிப்பு மணக்கும்.
எங்களோடு பேச அவரிடம் இருந்தவை
‘ஏய்’, ‘அடியே’, ‘எங்கடி ஒங்கம்மா’.

அந்த வருஷம் பெரிய குருசாமி
கார்த்திகைக்கு ஒரு கிழமை முந்திச் செத்துப்போனார்.
பதினெட்டு முறை மாலை போட்ட வேறொருவர்
எங்கள் டிவிஷனில் அப்பாதான்.
(வருஷத்தில் நாற்பத்தொரு நாள்
அவர் யாரோ ஒரு நல்ல மனிதர்.
மிச்ச நாட்களைப் பற்றி
அம்மாவின் இடது காதைக் கேட்கலாம்.)

எனக்கு ஒன்பது வயது.
‘இந்த வருஷம் விட்டா அப்புறம் ஏலாது’ என்றார்கள் தலைவர் வீட்டில்.
விடியற்காலம் நாலு மணிக்குப் பீலித் தண்ணீர்
முதுகில் கண்ணாடியாய் உடைந்தது.
மாரியம்மன் கோவில் படியில்
குளிர்ந்த கையால் மாலை போட்டார்.
போட்டவர் சட்டென்று குனிந்து
என் காலில் நெற்றியை வைத்தார்.
கூச்சத்தில் காலை இழுக்கப் பார்த்தேன்,
விரல்கள் அசையவில்லை.
எழுந்தபோது அவர் நெற்றியில்
என் அட்டைக்கடி இரத்தம்.
பொட்டு என்று நினைத்து யாரும் துடைக்கவில்லை.

‘நீங்க சாப்டீங்களா, சாமி?’

என்னை அதுவரை யாரும் ‘நீங்க’ என்றதில்லை.
பள்ளிக்கூடத்தில் இல்லை, கடையில் இல்லை.
அந்தச் சொல்லுக்கு நான் அளவு பெரிய சட்டை போட்டவள்போல்
கையை மடித்து மடித்து விட்டுக்கொண்டு திரிந்தேன்.
‘அப்பா’ என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார்.
‘குருசாமி’ என்றால் திரும்புவார்.

இருமுடிக்குத் தேங்காயின் கண்ணைத் துளைத்தோம்.
தண்ணீரை வடித்தார். குலுக்கினார்.
காதில் வைத்துக் கேட்டார். மறுபடி வடித்தார்.
‘ஒரு சொட்டு நின்னாலும் நெய் ஊசிரும், சாமி.’
தேங்காயைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

காணிக்கை வைக்க என்னிடம் காசில்லை.
மடியிலிருந்து அஞ்சு ரூபாய்க் குத்தியை எடுத்து
யாரும் பாராமல் என் கையில் திணித்தார்.
அதை நான் வெற்றிலையில் வைத்து நீட்ட,
முன்பின் கண்டிராத காசைப்போல்
இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினார்.
அன்று சாயந்திரம் அதற்கு நெருப்புப்பெட்டி வந்தது.

மலைக்குப் போய் வந்து மாலை கழற்றினார்.
அடுத்த நாள், ‘ஏய் லோஜினி, கதவ சாத்துடி.’
உலகம் தன் அளவுக்குத் திரும்பியது.

மாசியில் ஒரு சம்பள இரவு.
அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள்.
அவர் கை மேலே போயிருந்தது.
என் வாயில் ‘அப்பா’ வரவில்லை.
‘வேணாங்க, சாமி’ என்றேன்.

கை அங்கேயே நின்றது,
யாரோ மறந்து மாட்டிவிட்டுப் போன கூடைபோல.
பிறகு தானாக இறங்கியது.
வெளியே போய்ப் பீலியடியில்
விடியும்வரை குந்தியிருந்தார்.

குடியை விட்டாரா என்று கேட்காதீர்கள்.
விடவில்லை.
அம்மாவின் காதும் கேட்கவில்லை.
ஆனால் அந்த இரவுக்குப் பிறகு
‘ஏய்’ என்று என்னைக் கூப்பிட அவரால் முடியவில்லை.
மாலையில்லாமல் ‘நீங்க’ என்னவும் நா எழவில்லை.
இரண்டுக்கும் நடுவே ஒரு தமிழைக் கண்டுபிடித்தார்:
‘சாப்பாடு ஆச்சா?’
‘கொட எடுத்தாச்சா?’
‘பஸ் கெடச்சிச்சா?’
ஆளில்லாத வாக்கியங்கள்.
இருபத்திரண்டு வருஷம்
அப்படியே பேசிக்கொண்டிருந்தோம்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில், கடைசிக்கு முதல்நாள்,
நனைந்த தலையோடு கட்டிலருகே நின்றேன்.
வெகுநேரம் பார்த்தார்.
உதடு ஒரு சொல்லுக்குக் கூடி, கலைந்து,
மறுபடி கூடியது.

‘மழ விட்டுச்சா?’

விட்டுச்சுங்க, என்றேன்.