தராசு தெரியும் இடம்

எர்கனாமிக்ஸ் படித்தேன் என்றேன்.
எகனாமிக்ஸா, சரி, அப்போ கணக்கு வரும்ல என்றார்
ஜவ்வரிசி ஆலை முதலாளி.
ஆத்தூர் ரோடு. வேலையில் சேர்ந்து பதினோராம் வாரம்.
பையில் அளவு நாடா, கோணமானி,
குனிகிறவர்களுக்கு மார்க் போடும் தாள்.

லாரி கொட்டிய குச்சிக்கிழங்கு மேட்டைச் சுற்றி
இருபத்திரண்டு பெண்கள் குந்தியிருந்தார்கள்.
அவர்கள் தோல் சீவும் வேகத்துக்கு
என் பென்சில் வரவில்லை.
முதுகு அறுபது பாகை,
முட்டி அதற்குமேல் மடங்க வழியில்லை,
தாள் முழுக்கச் சிவப்பு.

மேசை கேட்டேன், போட்டார்கள்.
முழங்கை உயரத்துக்கு,
கால் வைக்கக் கம்பியோடு,
அசையாதபடி காங்கிரீட்டில் இறக்கி.
அன்றிரவு அம்மாவுக்கு ஃபோட்டோ அனுப்பினேன்.

திங்கட்கிழமை மேசைமேல் சோத்து வாளிகள்.
பெண்கள் தரையில்.

பழக்கம் மேடம், மாறாதுங்க என்றார் சூப்பர்வைசர்.
'பழக்கம் காரணமாக' என்று எழுதிக் கொடுத்தேன்.
அந்த வரி இன்னும் கோப்பில் இருக்கிறது,
என் கையெழுத்துக்கு மேலே.

இரண்டாம் சனிதோறும்
ஐந்து ரோடு டீக்கடையில் நான்கு பேர்.
யாருக்கும் மூன்று வருடம் முடியவில்லை.
ஜெயித்ததைப் பேசக் கூடாது,
ஊத்திக்கொண்டதை மட்டும் எடுத்து வர வேண்டும்.
யார் போட்ட சட்டம் என்று நினைவில்லை.

தகடு உருட்டும் ஆலையில்
அபாய ஒலியைக் கூட்டி வைத்தாள் ஷம்ஷாத்.
பத்தே நாளில் ஊதலுக்குள் பஞ்சுக் கழிவு.
நாளைக்கு நானூறு தடவை அலறுமாம்,
மூன்றுதான் நிஜம்.

திவாகர் ஏற்காட்டு பஸ்ஸுக்கு சீட் வரைந்தவன்.
கொண்டை ஊசி வளைவில் டிரைவர்
பாதி எழுந்துதான் ஓரத்தைப் பார்க்கிறார்.
"டிப்போல நின்ன வண்டில அளந்துட்டேன்" என்று
பன்னை டீயில் நனைத்தான்.
அது உடைந்து உள்ளே விழுந்தது.

நான் சொல்லி முடித்ததும்
ரூபாவதி ஒன்றுதான் கேட்டாள்:
அவங்க எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்தாங்க?

தெரியவில்லை.

மறுவாரம் கத்தியோடு போய் நடுவில் குந்தினேன்.
பாவாயி ஒரு கூடை முடிக்கையில்
எனக்கு அடிக்கூடை கூட மறையவில்லை.
தொடை மரத்தது.
அங்கிருந்து பார்த்தால்
இரண்டு குவியலுக்கு நடுவே, நேராக, தராசு.
எடை எழுதுகிற பையனின் விரல்கூடத் தெரிந்தது.
"கண்ணெடுத்தா கூடைக்கு அரைக் கிலோ போயிரும் கண்ணு"
என்றாள், கண்ணெடுக்காமல்.

என் மேசையில் நின்றால்
தராசு முதுகுக்குப் பின்னால்.

முதலாளியிடம் போனேன்.
தராசை எதிரே வைக்கலாங்க என்றேன்.
தராசு எதுக்கும்மா நகரணும் என்றார்,
முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து.
கணக்கு வருதுங்க என்றேன்.
பார்க்கலாம் என்றிருக்கிறார்.
வாளிகள் அங்கேயேதான்.

நேற்று ராத்திரி புது நம்பர்.
சேர்ந்து மூன்று வாரமாம்.
கொலுசுப் பட்டறையில் நல்ல வெளிச்சமாய் விளக்கு மாட்டினானாம்,
அணைச்சிட்டுப் பழைய பல்புக்கே போயிட்டாங்கக்கா என்றான்.
மூக்கை உறிஞ்சினான், ஜலதோஷம் என்றான்.
ஏன் அணைத்தார்கள் என்று எனக்கும் தெரியாது.

சனிக்கிழமை அதை எடுத்துக்கிட்டு வா என்றேன்.
பெஞ்சில் இடம் இருக்கிறது.
சாயக் கட்டை கிடையாது, ஒரு கால் குட்டை,
மணிக்கணக்கில் உட்கார்ந்து
எல்லோருக்கும் இடுப்பு வலி.
ஒருத்தரும் இதுவரை அளக்கவில்லை.