நான்கு பேர், ஓர் அறை

மின்கட்டண ரசீதின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
அங்கே தொடங்கியது கோலாலம்பூர்.

மிருதுளா முதலில் எழுதினாள்: மீன்காட்சியகம்.
தலைக்கு மேலே சுறா போகுமாம்.
தஷ்வின் எழுதவில்லை, கோடு கோடாக வரைந்தான்.
ஓட்டுநர் இல்லாத ரயிலில்
முன்கண்ணாடியை ஒட்டி நின்று
முதல் நிலையத்திலிருந்து கடைசி வரைக்கும்,
பிறகு கடைசியிலிருந்து முதல் வரைக்கும்.
"இறங்கி எதையும் பார்க்க வேண்டாமா?" என்றேன்.
"ரயிலைத்தானே பார்க்கிறேன்" என்றான்.

எட்டு மணிக்கு அவர்கள் அப்பா வந்தார்,
லோரிச் சாவியை ரசீதின் மேல் வைத்தார்.
செம்பனை முள் தைத்த விரலில்
பழைய பிளாஸ்டர்.
பள்ளி விடுமுறை என்று காய் பழுக்காமல் இருக்குமா?
நான்கு நாள் லீவு கேட்டிருந்தார்.
மானேஜர் இரண்டு கொடுத்தாராம்,
அதோடு ஞாயிற்றுக்கிழமையையும்,
தன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பவர் மாதிரி.

ஆக மூன்று பகல், இரண்டு இரவு.
மிருதுளா அழிப்பானை எடுத்தாள்.
கோபுரத்தின் மேல்தளம் போனது:
அந்த வெள்ளியில் இரண்டு பேருக்கும்
அடுத்த வருடச் சப்பாத்து வாங்கிவிடலாம்.
விலங்குக் காட்சிசாலை போனது.
அப்பாவின் பங்காக இருந்தது ஒரே வரி,
பழைய லோரிக்குப் பாகம் விற்கும் ஏதோ ஒரு தெரு.
அதையும் அவரே அடித்தார்.
சுறா தப்பியது.
ரயிலை யாரும் தொடவில்லை, அது மலிவு.

அறை தேடும்போதுதான் எனக்கு வாய் தவறியது.
கைப்பேசியில் படம்: வெள்ளைப் படுக்கை,
அதன் நடுவே துவாலையில் செய்த அன்னம்.
"கழுத்துக்கு இரண்டு பக்கமும் இறுக்கிச் சுருட்டணும்,
இல்லாவிட்டால் விருந்தாளி வருவதற்குள் தலை கவிழ்ந்துவிடும்."
மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.
மூன்று இல்லை, இரண்டு.
அவருக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம்.
ஒரு நாளைக்குப் பதினாறு அறை.
சரக்கு லிஃப்ட் ஏறி இறங்கிய ஊர் அது எனக்கு.
கோபுரங்களைக் கண்ணாடி துடைக்கும்போது பார்த்திருக்கிறேன்,
துடைத்த இடத்தில் மட்டும்.

"அந்த மெத்தையில் படுத்திருக்கிறீங்களா அம்மா?"
இல்லை.
ஒரே ஒரு தடவை உட்கார்ந்தேன்.
தலையணைக்கு அடியில் யாரோ ஐந்து வெள்ளி விட்டுப் போயிருந்தார்கள்.
எண்ணிப் பார்க்க உட்கார்ந்தேன்.
ஒற்றை நோட்டை எத்தனை முறை எண்ணுவது?

மிருதுளா அதற்குள் அந்த ஹோட்டலைக் கண்டுபிடித்துவிட்டாள்.
பெயர் மாறியிருக்கிறது, ஜன்னல்கள் அதே ஜன்னல்கள்.
ஓர் இரவுக்கு இருநூற்று நாற்பது.
யாரும் பேசவில்லை.
ஆலைப் புகையின் புளிப்பு
சுங்காய் முழுக்கப் படிகிற நேரம்.
"அங்கே போக எனக்கு ஆசையில்லை" என்றேன்.
கொஞ்சம் கழித்து,
"ஆசை இருக்கு, காசுதான் இல்லை" என்றேன்.
அவர் சிரித்தார்,
மூன்று தெரு தள்ளி, தொண்ணூறு வெள்ளிக்கு ஓர் அறையைத் தொட்டார்.

கடைசியில் ஒரு கட்டம்: வேறு ஏதேனும் தேவையா?
"அன்னம்!" என்றான் தஷ்வின்.
வேண்டாம் கண்ணா,
ஓர் அன்னத்துக்கு நாலு நிமிஷம்,
அந்த நாலு நிமிஷத்துக்குத்தான் சூப்பர்வைசர் கத்துவாள்.
"அப்போ நீங்க செய்யுங்க."

குளியலறையிலிருந்து இரண்டு துவாலை வந்தது,
ஒன்று இன்னும் ஈரம்.
கை மறக்கவில்லை.
சாப்பாட்டு மேசையில், சாம்பார்ச் சட்டிக்குப் பக்கத்தில்
நீலக் கோடு போட்ட அன்னம் ஒன்று
சற்றே குடித்தவன்போல் சாய்ந்து நின்றது.
அவர்கூடப் படம் எடுத்தார்.

திரும்பிப் பார்த்தால் திரையில்:
நேரம் முடிந்தது, மீண்டும் முயலவும்.

மறுபடி முதலிலிருந்து.
தேதி. இரவுகள், இரண்டு.
பெரியவர்கள், இரண்டு.
"அம்மா, ஜனவரியில் எனக்குப் பதின்மூன்று,
அப்புறம் நான் எந்தக் கட்டத்தில்?"
ஆறாம் ஆண்டுப் புத்தகப்பை
அவள் நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது.
பிள்ளைகள் என்ற இடத்தில் விரலை வைத்து
கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தேன்.
இரண்டு.